அளவைத் தேடிய மருந்து

சென்ற ஆண்டு ஒரு நாள் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கதிரியக்கச் சிதைவு விதியை நடத்தி முடித்துவிட்டு வகுப்பைவிட்டு வெளியே வந்தேன். மாணவர் ஒருவர் பின்னாலேயே வந்தார். சட்டைப் பையிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டி, "சார், ரேடியத்துக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் அரை ஆயுட்காலம் உண்டா?" என்று கேட்டார். அட்டையில் அமிட்ரிப்டிலின் என்று அச்சிட்டிருந்தது. அவருடைய தாயாருக்கு மனச்சோர்வு நோய். டாக்டர் எழுதித் தந்த மருந்தைப் பத்து நாள் சாப்பிட்டும், வாய் உலர்ந்ததும் தலை கிறுகிறுத்ததும்தான் கண்ட பலன் என்று சொல்லி அந்த அம்மையார் அதை நிறுத்திவிட்டாராம். "மூணு வாரம் பொறுக்கணும்னு டாக்டர் சொன்னார். மூணு வாரம் எதுக்கு சார்? காய்ச்சல் மாத்திரை அன்னைக்கே வேலை செய்யுதே!"

பௌதிகம் கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் கேள்வியில் இருந்த அரை ஆயுட்காலம் என்னை விடவில்லை. மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் நான் அறிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். இது ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதை. அதைவிட முக்கியமாக, அந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று மனிதன் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட கதை.

கதை ஒரு சாயத்தில் தொடங்குகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்க்கும் பொருளுக்கு நீல நிறமேற்ற ஒரு சாயத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மெதிலீன் நீலம் என்பது அதன் பெயர். 1876ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ இதைத் தயாரித்தார். இதன் அமைப்பை ஆராயப் புகுந்த ஆகஸ்ட் பெர்ன்ட்சென், 1883ல் மூன்று வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் மூலக்கூறு ஒன்றைப் பெற்றார். பீனோதயசின் எனப்படும் இந்த மூவளையச் சட்டத்தின் மீது வேதியியலார் பிற்காலத்தில் பலவகை அணுத் தொகுதிகளைக் கோத்துப் பார்த்தனர். அவ்வாறு 1950ன் இறுதியில் பிரான்சில் பிறந்தது குளோர்புரோமசின். 1952ல் பாரிஸ் நகரின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் அதைக் கொடுத்தபோது கொந்தளிப்புற்ற மனநோயாளிகள் அமைதியடைந்தனர். மனநோய்க்கும் மாத்திரை உண்டு என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பெற்றது.

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரிலிருந்த கெய்கி என்னும் சாயக் கம்பெனியிடமும் பழைய மூவளையப் பொருள் ஒன்று இருந்தது. பீனோதயசினில் கந்தக அணு இருக்கும் இடத்தில் இதில் இரண்டு கார்பன் அணுக்கள் பாலமாக நிற்கும்; அதனால் நடு வளையம் ஆறு அணுக்களுக்குப் பதில் ஏழு அணுக்கள் கொண்டது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் வேறுபாடு அற்பமாகத் தோன்றும். குளோர்புரோமசினில் உள்ள அதே வாலை இதற்கும் ஒட்டினார்கள். அந்தப் பொருளுக்கு ஜி 22355 என்று எண் இட்டு, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் முன்ஸ்டர்லிங்கன் என்னும் ஊரிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் பெற்றுக்கொண்டவர் டாக்டர் ரோலண்ட் கூன்.

கூன் முதலில் அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குத்தான் கொடுத்தார். அமைதி வரவில்லை, சிலருக்குப் பரபரப்பு மிகுந்தது. இன்னொருவராக இருந்தால் 'பயனற்றது' என்று எழுதி மீதியைத் திருப்பி அனுப்பியிருப்பார். தூண்டிவிடும் மருந்தானால் ஒடுங்கிப் போனவர்களுக்கு உதவுமோ என்ற எண்ணம் இங்கே எழுந்தது. 1956 ஜனவரியில் கடுமையான மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்மணிக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. ஆறாம் நாள் அவர் முற்றிலும் மாறியிருந்ததாக மருத்துவமனைக் குறிப்பு கூறுகிறது. மேலும் பல நோயாளிகளிடம் பார்த்த பிறகு கூன் 1957 ஆகஸ்டில் கட்டுரை வெளியிட்டார். மறுமாதம் சூரிச் நகரில் கூடிய உலக மனநோய் மருத்துவ மாநாட்டில் உரையாற்றினார். கேட்க வந்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லையாம். இமிப்ரமின் என்று பெயர் பெற்ற அந்த மருந்தின் வழியே 1961ல் அமெரிக்காவில் அமிட்ரிப்டிலினும், பின்னர் நார்டிரிப்டிலின், குளோமிப்ரமின் முதலியனவும் வந்தன. மூன்று வளையம் கொண்டவையாதலால் மூவளைய மருந்துகள் என்று இவற்றுக்குப் பொதுப்பெயர் ஏற்பட்டது.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்தினால் கூனுக்கு மாலையிட்டதாக முடியும். ஆனால் துர்காவ் மாநில அரசு கேட்டுக்கொண்டபடி அம்மருத்துவமனை ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் 2019ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கூன் பல்லாண்டுகள், இமிப்ரமினுக்கு முன்னும் பின்னும், இன்னும் பல புதுப் பொருள்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார். தாம் விழுங்குவது சோதனையில் இருக்கும் பொருள் என்று பலருக்குச் சொல்லப்படவே இல்லை. இன்றுள்ள நெறிமுறைகள் அன்று இல்லை என்பது உண்மையே; எனினும் அது முழுச் சமாதானமாகாது என்று நான் கருதுகிறேன். ஏரிக்கரை மருத்துவமனையில் பெயர் தெரியாத அந்த நோயாளிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இம்மருந்து உடலில் என்ன செய்கிறது? இதற்கு விடை காண உதவியது எங்கள் துறைக்குச் சொந்தமான ஒரு பொருள் என்பதில் எனக்குச் சிறிது பெருமை. நரம்புச் செல் ஒன்று அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும்போது, இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருளை உமிழ்கிறது. செய்தி சொல்லி முடிந்ததும் அது எங்கே போகிறது? அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்செல்ராடும் அவருடைய குழுவினரும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேர்ந்த நார்அட்ரினலினைப் பூனைகளுக்குச் செலுத்தி, கதிர்வீச்சை அளந்து அதன் போக்கைப் பின்தொடர்ந்தனர். உமிழ்ந்த செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது எனத் தெரிந்தது. இமிப்ரமின் அந்த உறிஞ்சுதலைத் தடுக்கிறது என்பதை 1961ல் வெளியிட்டனர். செய்திப் பொருள் இடைவெளியில் கூடுதலாகத் தங்குகிறது. ஆக்செல்ராடுக்கு 1970ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் மாணவருடைய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உறிஞ்சுதல் சில மணி நேரத்திலேயே தடைபட்டுவிடுகிறது. மனம் தெளிய ஏன் வாரக்கணக்கு? ஒரு பகுதி விடை அரை ஆயுட்காலத்தில் இருக்கிறது. ஒரு மருந்தின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் இரவில் ஒரு மாத்திரை. முதல் இரவு உடலில் இருப்பது 1. மறுநாள் இரவு பழையதில் பாதி மீந்திருக்கும், புதியதையும் சேர்த்தால் ஒன்றரை. அதற்கடுத்த இரவு ஒன்றே முக்கால். இப்படியே ஏறி ஐந்தாறு நாளில் ஏறக்குறைய 2 என்ற அளவில் நிலைத்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே வருவதும் வெளியேறுவதும் சமம். பெருக்குத் தொடர் கணக்குச் செய்த மாணவர்கள் இதை ஒரு வரியில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் ஒரு வாரத்தில் அளவு நிலைத்தும் பெரும்பாலோருக்கு நிவாரணம் இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் வருகிறது. கூனின் முதல் நோயாளிபோல ஆறு நாளில் எழுந்தவர்கள் சிலரே. மிச்சமுள்ள காலத்தில் நரம்புச் செல்கள் புதிய நிலைமைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. நீண்ட நாள் இம்மருந்து கொடுத்த எலிகளின் மூளைச் செல்கள் நார்அட்ரினலினுக்குப் பதில் சொல்லும் விதமே மாறிவிடுவதை வெட்டுலானி, சுல்சர் என்ற இருவர் 1975ல் காட்டினர். இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், தூக்கக் கலக்கம் ஆகிய தொல்லைகள் முதல் நாளே வந்துவிடும். நன்மையோ மெல்ல வரும். தொல்லையை மட்டும் கண்டு நன்மையைக் காணாமலே நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனை பேர்! மாணவரின் தாயார் அவர்களில் ஒருவர்.

இனி, எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில் அரை ஆயுட்காலத்தை ஒரு நாளிலிருந்து மூன்று நாளாக மாற்றுங்கள். மாத்திரை அதேதான், நாளைக்கு ஒன்றுதான். உடலில் சேர்ந்து நிலைக்கும் அளவு 2 அன்று, ஏறத்தாழ 5. அதுவும் ஒரு வாரத்தில் நிலைக்காது, இரண்டு வாரத்துக்கு மேலும் ஏறிக்கொண்டே போகும். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் சென்னையிலும் ஸ்டாக்ஹோமிலும் ஒன்றே. மருந்தின் அரை ஆயுட்காலமோ ஆளுக்கு ஆள் வேறு!

இதை அளந்து காட்டியவர்கள் ஸ்வீடன் நாட்டினர். 1967ல் ஹாமர், ஷூக்விஸ்ட் இருவரும் ஒரே அளவு மருந்து உண்ட நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பத்து மடங்குக்கு மேலும் வேறுபாடு இருந்தது. மறைத்துத் துப்பிவிட்டார்களோ, வேளை தவறினார்களோ என்று சந்தேகிக்கலாம். ஆகவே 1969ல் இரட்டையர்களை அழைத்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் இருவரிடமும் நார்டிரிப்டிலின் அளவு ஏறக்குறைய ஒத்திருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடம் ஒத்துவரவில்லை. வேறுபாடு பிறவியிலேயே அமைந்தது என்பது தெளிவாயிற்று. கல்லீரலில் இம்மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. ஐரோப்பியரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது வேலை செய்வதே இல்லை. ஆசிய மக்களிடையே இத்தகையோர் குறைவு. இதற்கு நேர்மாறாக, வழக்கமான அளவைப்போல் சில மடங்கு கொடுத்தும் மருந்து ஏறாத ஒருவரைப் பற்றி 1985ல் பெர்டில்சன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி எழுதினார். அத்தகையோரிடம் அந்த நொதிக்குரிய ஜீனே இரட்டித்திருக்கிறது என்பது 1993ல் வெளிப்பட்டது.

இதற்கிடையே 1971ல் மேரி ஆஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் இன்னொரு வியப்பைச் சொன்னார்கள். நார்டிரிப்டிலின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 150 நானோகிராம் வரை இருந்தால் குணம் தெரிகிறது. அதற்குக் குறைந்தாலும் குணமில்லை, மிகுந்தாலும் குணமில்லை. குணம் தெரியவில்லை என்று நோயாளி தாமாகவே இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொள்வது எவ்வளவு தவறான கணக்கு என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 75 மில்லிகிராம் சாப்பிடுகிறாரே என்பதும் கணக்காகாது. அவருடைய கல்லீரல் வேறு, உங்களுடையது வேறு. டாக்டர் சிறிய அளவில் தொடங்கிச் சில நாள் விட்டுவிட்டு ஏற்றுவது இதனால்தான். வேறு மருந்துகளும் அந்த நொதியின் கையைக் கட்டிவிடக்கூடும். 1980களின் இறுதியில் வந்த ஃபுளுவாக்சடின், மற்றும் பராக்சடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் அவ்வாறு கட்டுபவை. கூடச் சேர்ந்தால் மூவளைய மருந்தின் அளவு சத்தமில்லாமல் ஏறும். எம்.ஏ.ஓ. தடுப்பான் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்திலிருந்து மாறுவதானால் இரண்டு வார இடைவெளி விடுவது வழக்கம். எனவே எந்த டாக்டரிடம் போனாலும், சளி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாலும், உண்டுவரும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. மதுவுடன் இதைச் சேர்க்கவே கூடாது.

அளவு ஏறினால் என்ன ஆகும் என்பதே இம்மருந்தின் இருண்ட பக்கம். நன்மை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இதில் குறுகியது. வாழ்வில் கசப்புற்று நிற்பவர் கையிலேயே இதைக் கொடுக்க வேண்டியிருப்பது இதன் கொடுமை. குழந்தைகளும் தப்பவில்லை. 1960 முதல் இமிப்ரமின், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டதால் வீடுகளில் பரவலாக நுழைந்தது. மாத்திரைகளோ சிறியவை, நிறமுள்ளவை, இனிப்புப் பூசியவை. பிரிட்டனில் தற்செயலாக நச்சுண்டு இறந்த பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 1980ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1970க்குப் பின் ஆஸ்பிரின் வகையைத் தள்ளிவிட்டு மூவளைய மருந்துகளே முதலிடத்துக்கு வந்துவிட்டதைக் காட்டியது.

இம்மருந்து கொல்வது இதயத்தின் வழியாக. இதயத் தசையில் மின்துடிப்பு பரவ, செல்களுக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்து நுழைய வேண்டும். மிகையான மருந்து அந்த வாயில்களை அடைக்கிறது. துடிப்பு தயங்கித் தயங்கிப் பரவுகிறது. இ.சி.ஜி. படத்தில் கூர்முனை அகலமாகிறது. 1985ல் போனர்ட், லவ்ஜாய் இருவரும் அந்த அகலத்தை அளந்தே ஆபத்தைச் சொல்லலாம் என்று காட்டினர். 0.10 விநாடியைத் தாண்டினால் வலிப்பு வரக்கூடும், 0.16 விநாடியைத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகக்கூடும். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பதைவிட இது நம்பகமாக இருந்தது. ஒரு விநாடியின் நூறில் ஆறு பங்குதான் இரண்டுக்கும் இடையே!

மாற்று மருந்து தேடியதிலும் ஓர் இடறல் நேர்ந்தது. வாய் உலர்தல் முதலிய விளைவுகளுக்கு எதிரானது என்பதால், ஆப்பிரிக்கக் கலாபார் அவரையிலிருந்து கிடைக்கும் ஃபைசோஸ்டிக்மினை 1970களில் பல மருத்துவமனைகளில் கொடுத்தார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தபோது இதயமே நின்றுவிட்ட நிகழ்வுகள் 1980ல் வெளியாயின. இன்று சிகிச்சையின் நடுநாயகமாக இருப்பது சோடியம் பைகார்பனேட். ஆம், நம் வீட்டு ஆப்பச் சோடாவின் அதே வேதிப்பொருள்தான். சிரைவழியே ஏற்றப்படும்போது சோடியத்தைக் கூட்டுகிறது, இரத்தத்தின் அமிலத் தன்மையைக் குறைக்கிறது. அடைபட்ட வாயில்கள் விடுபடுகின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோடாவைக் கரைத்துக் கொடுத்துவிடக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவர் ஒரு மணி நேரத்தில் நினைவிழக்கும் மருந்து இது. மிகையாக உண்டுவிட்டார் என்ற சந்தேகமே போதும், உடனே 108க்குச் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த ஆபத்தின் காரணமாகவே 1990களில் மனச்சோர்வுக்குப் புதிய மருந்துகள் முன்னிடம் பெற்றன. ஆயினும் மூவளைய மருந்துகள் மறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1977ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அமிட்ரிப்டிலின் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கும், சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சலுக்கும் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டு அலமாரியிலும் இது இருக்கலாம். விலையும் குறைவு.

நண்பரான மருத்துவர் சொன்ன சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதய நோய், வலிப்பு இருந்தால் மருந்து எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். படுத்திருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். புவியீர்ப்பு இரத்தத்தைக் கால்பக்கம் இழுக்க, இரத்தக் குழாய்கள் சுருங்கி அதை மேலே நிறுத்துவது வழக்கம்; இம்மருந்து அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. வயதானவர்கள் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுந்தால் இடுப்பெலும்பு தப்பும். குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் குமட்டலும் தூக்கமின்மையும் படபடப்பும் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காலம், முக்கியமாக இளவயதினர் விஷயத்தில். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அப்போது மேலிடக்கூடும். அப்படிப் பேச்சு வந்தால் திட்டாமல், வெட்கப்படுத்தாமல் கேட்டு, அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே எந்நேரமும் பேசலாம். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு ஒரு வாரத்துக்குரிய மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை. மாதம் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று நாம்தான் வாதாடுகிறோம்!

இவ்வளவையும் அந்த மாணவரிடம் இரண்டு மாலை நேரங்களில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். "உண்டு, ஆனால் உன் அம்மாவுடைய அரை ஆயுட்காலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, டாக்டர்தான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்" என்றேன். அந்த வாரமே தாயாரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்வந்தார். இம்முறை 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றியிருக்கிறார்கள். வாய் உலர்ந்தபோது அந்த அம்மையார் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடித்துச் சமாளித்தாராம். ஐந்தாவது வாரம் மாணவர் வந்து, அம்மா கோலம் போட ஆரம்பித்துவிட்டார் என்றார். மாத்திரை அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வீட்டில் அக்காவின் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதாம். பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை அப்பா வைத்திருக்கிறார் என்று சொன்னார்.